தேய்த்தாலும் திரும்பும் துரு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் மூலையில் கிடந்த இரும்பெல்லாம் வெளியே வரும். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ஸ்பேனரும் சுத்தியலும் மண்ணெண்ணெயில் ஊறும். வீடுகளில் மண்வெட்டியையும் கொடுவாளையும் அருவாமனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்கு எல்லாம் பளபளக்கும். தீபாவளி வருவதற்குள் அதே மண்வெட்டியில் மறுபடியும் துரு தெரியும்.

துரு திரும்புவதில் புதுமை இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் அது, காற்றில் ஈரம் இருக்கும். விசித்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. போன முறை எந்தப் புள்ளியில் துரு இருந்ததோ, அதே புள்ளியில்தான் அது முதலில் தலைகாட்டும். பக்கத்திலேயே, அதே ஈரக் காற்றில் இருக்கும் நல்ல பரப்பு இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கும். கை வலிக்கத் தேய்த்த இடம்தான் முதலில் சிவக்கிறது. ஏன் அங்கேயே?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஒரு பிளாஸ்டிக் வாளியும் சலவை சோடாவும் பழைய பேட்டரி சார்ஜரும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே துருவை எடுக்கும் முறை ஏன் வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சொட்டுக்குள் நடப்பது

இயற்கையில் இரும்பு பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கிடக்கிறது. ஆரோவில் மேட்டின் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. உலையில் பெரும் வெப்பத்தைச் செலவழித்து அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துத்தான் இரும்பைச் செய்கிறோம். விட்டால் அது பழையபடி ஆக்சிஜனோடு போய்ச் சேரும். துரு என்பது அந்தத் திரும்புதல்தான்.

ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் உலோகங்கள் அரிக்கப்படுவதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் இதைப் பிரபலமாக்கினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை விடுவார்கள். அந்த நீரில் நிறம் காட்டும் இரண்டு வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, இரும்பு கரைகிற இடத்தில் நீலமாகும். மற்றொன்று, காரம் உண்டாகிற இடத்தில் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமும் தோன்றும்.

ஒரே சொட்டு, ஒரே இரும்பு. ஆனாலும் நடுவில் ஒன்று நடக்கிறது, ஓரத்தில் வேறொன்று நடக்கிறது. ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றின் ஆக்சிஜன் எளிதாக உள்ளே வரும். நடுவில் ஆழம் அதிகம், ஆக்சிஜன் குறைவு. நடுவில் இருக்கும் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. விடப்பட்ட எலக்ட்ரான்கள் இரும்புத் தகட்டின் வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. கரைந்த இரும்பு ஆக்சிஜனைச் சந்திக்கிற இடத்தில் பழுப்புத் துரு படிகிறது.

எலக்ட்ரான் ஓடினால் அது மின்சாரம். ஆக, துருப்பிடிக்கும் ஒவ்வொரு சொட்டும் ஒரு சின்ன பேட்டரி. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்: எலக்ட்ரானை இழக்கிற இரும்பு துருப்பிடிக்கிறது.

குழிக்குள் பதுங்கும் உப்பு

சேதராப்பட்டிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது கடற்காற்றுக்குத் தொலைவே அல்ல. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகளாகி வந்து படிகின்றன. கரையை நெருங்க நெருங்க இது பல மடங்கு கூடும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி), மண்டபத்தில் கடலோரமாகவே ஓர் ஆய்வு நிலையம் வைத்து, உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் காயப்போட்டு, அவை எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகின்றன என்று அளந்திருக்கிறது. நாட்டின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டதும் அந்த நிறுவனம்தான். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார்.

இப்போது மண்வெட்டிக்கு வருவோம். ஒரு புள்ளியில் இரும்பு கரையத் தொடங்கியதும் அங்கே நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு அயனிகள் சேர்கின்றன. மின்னேற்றம் பெற்ற அணுவைத்தான் அயனி என்கிறோம். உப்பில் இருக்கும் குளோரைடு அயனிக்கு எதிர்மின்னேற்றம். எதிரும் நேரும் ஈர்க்கும் என்பதால் குளோரைடு அந்தப் புள்ளியை நோக்கிப் போய்க் குழிக்குள் குவிகிறது. குழிக்குள் இருக்கும் நீர் மெல்ல அமிலமாகிறது. அமிலம் இரும்பை மேலும் கரைக்கிறது. கரைந்த இரும்பு மேலும் குளோரைடை இழுக்கிறது. குழியின் வாயில் துரு மூடிபோலப் படிந்துவிடுவதால், மழை பெய்தாலும் உள்ளே இருக்கும் உப்பு கழுவப்படுவதில்லை.

இதுதான் நம் கேள்விக்கு விடை. உப்புத்தாள் குழியின் வாயைத்தான் சுரண்டுகிறது. உள்ளே இருக்கும் உப்பைத் தொடுவதில்லை. அடுத்த ஈரக் காற்றில் அந்த உப்பு நீரை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இன்னும் அழுத்தித் தேய்த்தால் குழியின் அடிக்குப் போகலாம். ஆனால் அதற்குள் சுற்றியிருக்கும் நல்ல இரும்பும் போய்விடும். எலுமிச்சையும் புளியும் வினிகரும் துருவைக் கரைக்கும். பட்டறையில் ஊற்றும் ஆசிட் இன்னும் வேகமாகக் கரைக்கும். ஆனால் அமிலத்துக்குத் துருவும் இரும்பும் ஒன்றுதான். சற்றுக் கவனம் தப்பினால் இரண்டையும் தின்னும். சரியாகக் கழுவாவிட்டால் குழிக்குள் தானும் தங்கிவிடும்.

திசையைத் திருப்புவது

எலக்ட்ரானை இழப்பதால்தான் துரு வருகிறது என்றால், இரும்புக்கு எலக்ட்ரானை ஊட்டினால் என்ன ஆகும்?

இதற்கு மின்சாரம் கடத்தும் நீர் வேண்டும். நீரில் சலவை சோடாவைக் கரைத்தால் அது நன்றாகக் கடத்தும். இப்படிக் கடத்துகிற கரைசலுக்கு மின்பகுளி என்று பெயர். அதில் துருப்பிடித்த பொருளைத் தொங்கவிட்டு சார்ஜரின் மைனஸ் முனையில் இணைக்கிறோம், அது எதிர்மின்வாய். சற்றுத் தள்ளி ஒரு வெற்று இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு பிளஸ் முனையில் இணைக்கிறோம், அது நேர்மின்வாய். மின்சாரத்தைச் செலுத்தி வேதிமாற்றம் நடத்தும் இந்த வேலைக்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். 1800ஆம் ஆண்டு வோல்ட்டா முதல் பேட்டரியைச் செய்த செய்தி லண்டனுக்கு வந்த சில வாரங்களிலேயே நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் இதே வழியில் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள்.

மைனஸ் முனையில் இருக்கும் நம் பொருளுக்கு எலக்ட்ரான் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இரும்பு கரைவது நின்றுவிடுகிறது. துருவின் ஒரு பகுதி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. இது இரும்பைக் கெட்டியாகப் பற்றியிருக்காது, தளர்ந்துவிடும். நீர் பிரிந்து பொருளின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் பிறக்கின்றன. துருவுக்கு அடியிலும் அவை பிறப்பதால், செதில்களை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கின்றன. அதே நேரத்தில் பரப்பில் காரம் உண்டாகி, குழிக்குள் இருந்த அமிலம் நீங்குகிறது.

இவற்றோடு இன்னொன்றும் நடக்கிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பொருள் இப்போது எதிர்மின்னேற்றத்தில் இருக்கிறது. குளோரைடும் எதிர்மின்னேற்றம் கொண்டது. எனவே எந்த ஈர்ப்பு உப்பைக் குழிக்குள் இழுத்து வந்ததோ, அதே ஈர்ப்பு அதை வெளியே, நேர்மின்வாயை நோக்கி இழுக்கிறது. உப்புத்தாளுக்கு எட்டாத இடத்தில் மின்சாரம் கை வைக்கிறது.

ஆனால் துரு மறுபடி முழு இரும்பாகி, அரித்துப்போன இடம் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போன இரும்பு போனதுதான். மிஞ்சியிருக்கும் இரும்பு ஒரு துளியும் குறையாமல் நம் கைக்கு வரும்.

ஒரு தோசைக்கல்

பத்து அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று, நான்ஸ்டிக் வந்தபின் கொல்லைப்புறத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் துரு, விளிம்பில் செதில்.

இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் பதினைந்து லிட்டர் நீர். போர் தண்ணீர் கரிக்கிற ஊர் என்றால் மழைநீரோ கேன் தண்ணீரோ நல்லது; உப்பை வெளியேற்றும் வேலைக்கு உப்புத் தண்ணீரே எதற்கு? அதில் நாலு மேசைக்கரண்டி சலவை சோடா. ஆப்ப சோடா போட்டாலும் மின்சாரம் போகும், ஆனால் வேலை மந்தமாக இருக்கும். நேர்மின்வாய்க்குக் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகள் போதும். மின்சாரம் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் வேலை செய்யும். கம்பிக்கு எதிரே இருக்கும் முகம் முதலில் சுத்தமாகும், மறுபக்கம் பின்தங்கும். அதனால் நாலைந்து கம்பிகளை வாளியின் உட்சுற்றில் நிறுத்தி, வெளியே ஒரே கம்பியால் கோத்துவிட்டு, கல்லை நடுவில் தொங்கவிடுவது நல்லது. கல் எந்தக் கம்பியையும் தொடக் கூடாது. கல்லில் கிளிப் கடிக்கிற இடத்தை மட்டும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட வேண்டும்; துருவுக்கு மேல் கிளிப் போட்டால் மின்சாரம் சரியாகப் போகாது.

கறுப்பு கிளிப் கல்லுக்கு, சிவப்பு கிளிப் கம்பிகளுக்கு. இதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். மாறிவிட்டால் கரைவது கல். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒரு கிராம் இரும்பு கரையும். இரவு முழுக்க மாறிக் கிடந்தால் கல்லில் புதுக் குழிகள் விழுந்திருக்கும்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரில் ஊசி வைத்த பழைய வகைதான் இதற்கு ஏற்றது. புதிய வகைகளில் சில, எதிரே உண்மையான பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் தரும். அவை வாளியை ஏற்காது. இணைப்பையெல்லாம் முடித்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். சார்ஜர் வாளியை விட்டுத் தள்ளி, உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். ஸ்விட்ச் போட்டதும் கல்லின் மேல் பொடிக் குமிழிகள் படர்ந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஊசி ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர் காட்டினால் போதும். வேகமாக முடியட்டும் என்று சோடாவை அள்ளிப் போட வேண்டாம்; சார்ஜர்தான் சூடேறும்.

மணிக்கணக்கில் பழுப்பு நுரை மேலே திரளும். நேர்மின்வாய்க் கம்பிகளில் சேறுபோல் துரு படியும். அவ்வப்போது ஸ்விட்சை அணைத்து அதைச் சுரண்டிவிட்டால் மின்சாரம் குறையாது. துரு கனமாக இருந்தால் ஓர் இரவு ஆகலாம். ஆனால் நேரம் கூடினால் கல்லுக்குக் கெடுதல் இல்லை. துரு தீர்ந்தபின் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்குவது அமிலம். மின்சாரம் அப்படிச் செய்வதில்லை. மைனஸ் முனையில் இருக்கும்வரை கல் கரையாது.

வெளியே எடுக்கும்போது கல் கருப்பாக, வழவழப்பாக இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் அந்தக் கருப்பு பொடியாகக் கழன்று, அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். பழைய எண்ணெய்ப் படிவும் காரத்தில் கழன்றிருக்கும். பல வருடம் பழகிய கல்லென்றால் அதற்காக வருத்தப்பட வேண்டியிருக்கும், மறுபடி பழக்க வேண்டியதுதான். இங்கே அவசரம் காட்ட வேண்டும். இவ்வளவு சுத்தமான இரும்பு ஈரத்தோடு சில நிமிடம் காற்றில் நின்றாலே மெல்லிய செம்மஞ்சள் படர்ந்துவிடும். சுடுநீரில் நன்றாகக் கழுவி, உடனே அடுப்பில் ஏற்றி நீரை வற்றவைத்து, சூடு இருக்கும்போதே மெல்லியதாக எண்ணெய் தடவி, புகை வரும்வரை காயவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் தோசை ஒட்டாது.

வாளி நீரைக் கொட்ட வேண்டியதில்லை. சோடா செலவாவதில்லை, குறைந்த நீரை ஊற்றிக்கொண்டு அடுத்த பொருளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

காற்றோட்டமும் சில தடைகளும்

மேலே வரும் குமிழி ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜனைத் தரும். இரண்டு ஆம்பியர் என்றால் ஏறக்குறைய முக்கால் லிட்டருக்கும் மேல். திறந்த தாழ்வாரத்தில் இது மேலே பறந்து கலைந்துவிடும், பயமில்லை. ஆனால் குழந்தை கைவைக்குமே என்று வாளியை இறுக மூடிவிட்டால்? நீருக்கு மேல் ஐந்து லிட்டர் இடம் இருக்கிறது. அதில் நாலு சதவீதம் என்பது வெறும் 200 மில்லி. கால் மணி நேரத்தில் அந்த அளவு வந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து, ஸ்விட்சை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றினால் அந்தப் பொறியே போதும். எனவே மூடக் கூடாது. முதலில் ஸ்விட்ச், பிறகு கிளிப்.

சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பு போட்டாலும் மின்சாரம் பாயும். ஆனால் நேர்மின்வாயில் குளோரின் வாயு வரும். வெளியேற்ற நினைத்த குளோரைடையே வாளி நிறைய ஊற்றியதாகவும் ஆகும்.

பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வர் கரண்டியை நேர்மின்வாயாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள குரோமியம் கரைந்து, ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவமாக மாறலாம். புற்றுநோயை உண்டாக்குவது அது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அந்த ஊரைக் கேட்டால் சொல்வார்கள். நாகம் பூசிய தகடும் இதற்கு ஆகாது. அலுமினியப் பொருளைத் துருவெடுக்கும் பக்கத்திலும் போடக் கூடாது. காரத்தில் அது கரையும். ஸ்பிரிங், வாள்பட்டை போன்ற கடினமாக்கிய எஃகுப் பொருள்களையும் தவிர்ப்பது நல்லது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும்.

எழும்பூரில் 1930

இது யாரோ அண்மையில் கண்டுபிடித்த வீட்டுக் குறிப்பு அல்ல. பெர்லின் அரச அருங்காட்சியகங்களில் 1888இல் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஃபிரெடரிக் ராத்கென் பழம்பொருள்களைக் காப்பாற்ற மின்சார முறைகளைக் கையாண்டு, 1898இல் நூலாகவும் எழுதினார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் 1930இல் இப்படி ஓர் ஆய்வகம் பிறந்தது. அதற்குக் காரணம் அங்கே இருந்த செப்புத் திருமேனிகள். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் புதைந்திருந்து வெளியே வந்த சிலைகளில் பச்சைப் பொடி உதிரத் தொடங்கியது. செம்பானாலும் குற்றவாளி அதே குளோரைடுதான். ஈரம் பட்டால் அது செம்பைத் தின்றுகொண்டே போகும். துடைத்தால் மறுபடி வரும்.

எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அந்த ஆய்வகத்தில் சிலைகளைக் காரக் கரைசலில் எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினார். சிலையின் விரலையோ அணியின் நுண்வேலைப்பாட்டையோ சுரண்டாமல் உப்பை வெளியே எடுக்க இதைவிட ஏற்ற வழி அன்று இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டன என்று வேதியியல் வழியில் ஆராய்ந்தவரும் இவர்தான். இந்த நாட்டில் கலைப்பொருளையும் வேதியியலையும் இணைத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவருக்குத் தமிழில் போதிய அளவு நினைவு இல்லை என்பது என் ஆதங்கம்.

இரும்பே இல்லாத இரும்பு

சேதராப்பட்டு இருக்கும் இதே வில்லியனூர் வட்டாரத்தில் சுத்துக்கேணி இருக்கிறது. 1940களின் கடைசியில் அரிக்கமேட்டில் அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் மரி கசால், சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் பெருங்கற்காலப் புதைகுழிகளை ஆராய்ந்தார்; அறிக்கை 1956இல் வெளிவந்தது. அத்தகைய குழிகளில் இறந்தவரோடு இரும்புக் கருவிகளையும் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

நிலத்தை உழும்போது அப்படி ஏதாவது கிடைத்தால் அதை இந்த வாளிக்குக் கொண்டுவரக் கூடாது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் இருந்த கத்தியில் பெரும்பாலும் உலோகம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. கத்தியின் வடிவத்தில் இறுகிப்போன துருதான் இருக்கும். குமிழிகள் துருவைத் தள்ளினால் கத்தியே உதிர்ந்துவிடும். உறையின் மரநாரும் சுற்றிய துணியின் நெசவும்கூடச் சில நேரம் அந்தத் துருவுக்குள் பதிந்திருக்கும். அங்கே காப்பாற்ற வேண்டியது துருவையே. அப்படிப்பட்ட பொருளைக் கழுவாமல், தேய்க்காமல், வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதுதான் சட்டப்படியும் சரி.

தூணுக்குள் இருக்கும் கம்பி

கொல்லைப்புறத் தோசைக்கல்லைவிடப் பெரிய இரும்பு நம் வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. கான்கிரீட் தூணிலும் தளத்திலும் உள்ள கம்பிகளைச் சுற்றி சிமெண்டின் காரம் இருக்கும்வரை அவை துருப்பிடிக்காது. உப்பு மணலாலோ உப்பு நீராலோ கட்டியிருந்தால், அல்லது கடற்காற்றின் உப்பு பல ஆண்டுகளில் ஊறி உள்ளே போனால், அந்தக் காவல் உடைகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் புதுச்சேரிக் கடலோர வீடுகளில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து, சிவந்த கம்பி தலைகாட்டுகிறது. மேலே பூசி மறைத்தால் சில வருடத்தில் அதே இடம் மறுபடி பெயரும். மண்வெட்டியின் கதையேதான்: உப்பு உள்ளே இருக்கிறது.

பொறியாளர்கள் இங்கேயும் அதே வழியைக் கையாள்கிறார்கள். தூணின் வெளிப்புறத்தில் ஈரமான காரப் பொருளுக்குள் ஓர் உலோக வலையைச் சுற்றி, அதை நேர்மின்வாயாக்கி, உள்ளே இருக்கும் கம்பியை எதிர்மின்வாயாக்கி, வாரக்கணக்கில் மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக நகர்ந்து வெளியே உள்ள வலைப் பக்கம் வந்து சேரும்; பிறகு வலையோடு அதைக் கழற்றி எறிந்துவிடலாம். செலவும் பயிற்சியும் கூடிய வேலை என்பதால் இது பெரும்பாலும் பாலங்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும்தான். சாதாரண வீட்டில் பழுதுபார்க்கும்போது செய்யக்கூடியது வேறொன்று: பெயர்ந்த இடத்தை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, கம்பியோடு ஒரு நாகத் துண்டைக் கட்டி, பிறகு பூசுவது. நாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். வெளியிலிருந்து மின்சாரமே இல்லாமல், தான் கரைந்து, கம்பியை எதிர்மின்வாயாகவே வைத்திருக்கும், அந்தத் துண்டு தீரும்வரை.